ஒரே குண்டு, வேறு வேறு பாறை

கேள்வி: நிலத்தடியில் வெடித்த அணுகுண்டு எத்தனை கிலோடன் என்று எங்கோ தூரத்திலிருக்கும் நிலநடுக்கமானியை வைத்தே சொல்கிறார்களே, நம்பலாமா? – வாசகர், ராசிபுரம்

பதில்: நம்பலாம், ஆனால் வெடித்த இடத்துப் பாறையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 150 கிலோடனுக்கு (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்) மேல் வெடிப்பதில்லை என்று 1974-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கையெழுத்துப் போட்டன. அப்புறம் கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கில் சோவியத் வெடித்த குண்டுகளின் அதிர்வு பெரிதாகப் பதிவாகவே, வரம்பை மீறியிருப்பார்கள் என்று அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு குற்றம் சாட்டியது. நிலநடுக்கவியலாளர்கள் பலர் அப்போதே மறுத்தார்கள். அமெரிக்கா தன் குண்டுகளை வெடித்துப் பார்த்த நெவாடாவுக்கு அடியில், நல்ல ஆழத்தில், பூமி சூடாக இருப்பதால் அலையைப் பாதி விழுங்கிவிடும். செமிபலாட்டின்ஸ்குக்குக் கீழே இருப்பது பழைய, குளிர்ந்து இறுகிய பாறை, தண்டவாளத்தில் தட்டினால் தூரத்தில் கேட்கிற மாதிரி அலை குறையாமல் வந்து சேரும். நெவாடா கணக்கை அங்கே போட்டால் குண்டின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடித் தெரியும்.

சரி, இதை எப்படி நிரூபிப்பது? 1986-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர், அரசு சார்பில் அல்ல, ஒரு தனியார் சுற்றுச்சூழல் அமைப்பின் ஏற்பாட்டில், சோவியத் அறிவியல் அகாடமியோடு சேர்ந்து அந்தச் சோதனைத் தளத்தைச் சுற்றியே கருவிகளை வைத்தார்கள். பனிப்போர் நடுவில் இது நடந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது. 1988-ல் அரசுகளே இறங்கி வந்தன: ஆகஸ்ட் 17 நெவாடாவில், செப்டம்பர் 14 செமிபலாட்டின்ஸ்கில், ஒருவர் குண்டை மற்றவர் அங்கேயே போய் அளந்தார்கள். துளைக்குள் கேபிளை இறக்கி, அதிர்ச்சி அலை அதை எவ்வளவு வேகமாக நசுக்கிக்கொண்டு வருகிறது என்று பார்த்தால் பலம் தெரிந்துவிடும், அதைத் தூரத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பாறைதான் காரணம் என்றவர்கள் சொன்னதே சரி. 1974-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 1990-ல் அமலுக்கு வந்தது.

கேள்வி: இப்படி அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையை இப்போது அணுகுண்டு வெடிக்காமல் எப்படிப் பரிசோதிக்கிறார்கள்? – வாசகி, காரைக்குடி

பதில்: சாதாரண வெடிமருந்தை வைத்துத்தான். நெவாடாவில் 2011 முதல் 2016 வரை கருங்கல் பாறையில் ஆறு முறை, 2018-19-ல் தளர்ந்த வண்டல் படிவில் நான்கு முறை வெடித்தார்கள். பெரிய குண்டை யாராலும் மறைக்க முடியாது, 2006-ல் வட கொரியா வெடித்தது ஒரு கிலோடனுக்கும் குறைவு, அதுவே பல நாடுகளில் பதிவானது. சின்ன வெடிப்பையும் சின்ன நிலநடுக்கத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். அதே நெவாடாவில் ராக் வேலி என்ற இடத்தில் 1993-ல் அதிக ஆழமில்லாமல் சில நிலநடுக்கங்கள் வந்தன, அவை வந்த அதே பாறைக்குள் துளையிட்டு வெடித்துப் பார்ப்பது அடுத்த திட்டம். பாறை ஒன்றேயாக இருந்தால், பதிவில் தெரியும் வித்தியாசம் வெடிப்பால் வந்தது என்று துணிந்து சொல்லலாம் அல்லவா?