ஜப்பான் மருந்து வரும்வரை பல் கட்டாமல் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கப் போனால், “எலும்பு தேய்ந்துவிட்டது, முதலில் போன் கிராஃப்ட் செய்ய வேண்டும்” என்கிறார் டாக்டர். ஜப்பானில் பல் முளைக்க வைக்கும் மருந்து வந்துவிட்டதாக மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதற்காகக் காத்திருக்கலாமா? எனக்குச் சர்க்கரையும் உண்டு.
- வாசகி, மதுரை

பதில்: காத்திருக்க வேண்டாம்.

உங்கள் மகன் அனுப்பியது முழுப் பொய்யில்லை. யூசாக்-1 என்ற புரதம் பல் முளைப்பதை அடக்கி வைக்கிறது. அதைத் தடுக்கும் மருந்தை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கட்சு தகஹாஷியின் குழு எலிகளுக்கும், ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு விலங்குகளுக்கும் கொடுத்தபோது புதிதாகப் பல் முளைத்தது. ஆய்வு 2021இல் வெளியானது. 2024இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. முதல் கட்டம், பல் இழந்த 30 ஆண்களிடம் மருந்து பாதுகாப்பானதா என்று மட்டும் பார்ப்பதற்கு. அடுத்த கட்டம், பிறவியிலேயே பல பற்கள் இல்லாத குழந்தைகளுக்கு. 2030 வாக்கில் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வதுதான் இலக்கு. சொத்தையாலோ ஈறு நோயாலோ பல் போனவர்களின் முறை அதற்கும் பிறகுதான்.

அதுவரை வாய் சும்மா இருக்காது. பல் எடுத்த முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். உங்களுக்கு அது நடந்து முடிந்துவிட்டது. ஆனால் மேலே உள்ள பல் காலி இடத்தை நோக்கி இறங்கும், பக்கத்துப் பல் சாயும். அப்புறம் அவற்றையும் சரிசெய்ய வேண்டிவரும்.

சரி, எலும்பை நிரப்பி வளர்க்கும் கிராஃப்ட் தேவையா? தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்திருந்தால் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: குறைவது அகலமா, உயரமா? கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. இம்பிளான்ட்டின் நுனிக்கும் அதற்கும் இடையே 2 மில்லிமீட்டராவது விட வேண்டும். உயரம் மட்டும் குறைவு என்றால், 6 மில்லிமீட்டர் அளவுள்ள குட்டை இம்பிளான்ட் வைத்து கிராஃப்ட்டையே தவிர்க்க முடியலாம். முன்பு இதை நம்ப மாட்டோம்; இப்போது தயக்கம் குறைந்துவிட்டது. அகலம் குறைவு என்றால் கதை வேறு. கடைவாயில் மெல்லும்போது விழும் அழுத்தம் அதிகம், ஒல்லியான இம்பிளான்ட்டை அங்கே வைக்க நான் விரும்ப மாட்டேன். எலும்புத் துகளை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வை மூடி, சில மாதம் விட்டு வளர்ப்பதே நல்லது.

அந்தத் துகள் பெரும்பாலும் பதப்படுத்திய மாட்டெலும்பு. சவ்வு மாடு அல்லது பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் துகளும் உண்டு.

உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிச் செய்யும் பிஆர்எஃப் பற்றியும் சொல்வார்கள். பிரான்சில் 2001இல் வந்த முறை இது. புண் ஆற உதவும், வலி குறையும். ஆனால் அது மட்டுமே உங்களுக்கு எலும்பை வளர்த்துத் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த நாட்டு இம்பிளான்ட், எந்த கம்பெனி என்பதைவிட உங்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைதான் எனக்கு முக்கியம். அதைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7க்குள் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். 8ஐத் தாண்டினால் நான் தள்ளிப்போடுவேன். புண் ஆறுவதும் தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். எலும்புத் தேய்மானத்துக்கு வாராந்திர மாத்திரையோ வருடாந்திர ஊசியோ போட்டுக்கொள்கிறீர்கள் என்றால், அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லுங்கள். அந்த வகை மருந்துகள் சிலவற்றால் தாடை எலும்பு ஆறாமல் போன சம்பவங்கள் உண்டு.

இவ்வளவுக்கும் மனமில்லை என்றால், இரு பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் போட்டுக்கொள்ளலாம், அதிலும் தவறில்லை. இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் ஏற்கெனவே கேப் போட்டிருந்தால் நான் அதைத்தான் முதலில் யோசிப்பேன். அவை நல்ல பற்கள் என்றால் அவற்றைச் செதுக்க மனம் வராது.