வலிக்கு எழுதிய குளிசையை அம்மாவால் விட முடியவில்லை

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து முதுகில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் டிரமடோல் 50 எழுதினார்கள். ஐந்து மாதமாகிறது. நாளுக்கு 2 எடுத்தவர் இப்போது 6 எடுக்கிறார். துண்டு முடிந்த பிறகும் டவுனில் எப்படியாவது வாங்கி வரச் சொல்கிறார். குளிசையை ஒளித்து வைத்துவிடலாமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: தயவுசெய்து ஒளிக்காதீர்கள். ஐந்து மாதம் எடுத்ததை ஒரே நாளில் நிறுத்தினால் அவர் படப்போவது பெரும் வேதனை.

டிரமடோல், கொடீன், மோர்பின் எல்லாம் ஓபியோயிட் எனும் வலிநிவாரணி இனம்; பழக்கமாகிவிடக்கூடியவை. டிரமடோல் ஈரலில் மாற்றமடைந்து மூளையிலும் முள்ளந்தண்டிலும் வலிச் செய்தியை அடக்குகிறது. கூடவே மூளையில் செரட்டோனின், நோர்அட்ரினலின் என்ற இரசாயனங்களையும் கூட்டுவதால் சிலருக்குக் களைப்புக் குறைந்து மனமும் லேசாகும். விடியற்காலையிலேயே மலையேறி நாள் முழுக்கக் கொழுந்து சுமக்கும் ஒருவருக்கு வலி போவதைவிட இதுவே பெரிய பிடிப்பாகிவிடலாம். வலிக்காத நாளிலும், “இதைப் போட்டால்தான் மலைக்குப் போக முடியும்” என்று எடுக்கத் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள்.

நரம்புகள் மருந்துக்குப் பழகப் பழக 2 போதாமல் 3 வேண்டும், பிறகு 4. பழகிய உடம்பில் ஒரு வேளை தவறினால் மூக்கு ஒழுகும், மயிர் சிலிர்க்கும், வியர்க்கும், வயிறு கழியும், கை கால் உளையும், தூக்கம் வராது, எரிச்சல் பொங்கும். நம் குளிரில் இதைக் காய்ச்சல் என்றோ பழைய முதுகுவலி திரும்பிவிட்டது என்றோதான் நினைப்பார்கள். ஒரு குளிசை போட்டதும் எல்லாம் அடங்கும். “பார்த்தாயா, மருந்து இல்லாமல் முடியாது” என்ற நம்பிக்கை இறுகும். அம்மா எரிந்து விழுவது அவர் குணம் கெட்டதால் அல்ல. அவரைத் திட்டினால் எண்ணிக்கையை மறைக்கத்தான் பழகுவார்.

மூன்று நாள், எத்தனை மணிக்கு எத்தனை என்று எழுதுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்து அட்டைகளோடும் கிளினிக் கொப்பியோடும் எழுதிக் கொடுத்த வைத்தியரிடமே போங்கள். முடியாவிட்டால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா பொது வைத்தியசாலைக்கோ. தூக்கக் குளிசை, பிரிகபலின் (நரம்பு வலிக்கானது), புளூஒக்ஸடின், அமிட்ரிப்டிலின் (இரண்டும் மனச்சோர்வுக்கானவை) எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். முதல் இரண்டும் டிரமடோலோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும். மற்ற இரண்டும் வலிப்பு வரும் ஆபத்தைக் கூட்டும். சாராயமும் கூடவே கூடாது. ஒரு நாளின் உச்ச அளவு 400 மில்லிகிராம், அதாவது இந்தக் குளிசையில் 8. அதைத் தாண்டினால் வலிப்பு ஆபத்து ஏறும். வலிப்பு நோய் உள்ளவருக்குக் குறைந்த அளவிலும் வரலாம்.

வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். 6 எடுப்பவருக்கு ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒரு குளிசை என்ற வேகம் பொதுவாகத் தாங்கக்கூடியது. கடைசி இரண்டும்தான் கடினம். அங்கே இன்னும் மெதுவாகப் போக வேண்டும். ஒரு கட்டத்தில் தடுமாறினால் அந்த அளவிலேயே நின்று நிதானிக்கலாம், மேலே ஏற வேண்டாம். குளிசை நெடுநேரம் வேலை செய்யும் வகையாக இருந்தால் உடைக்கவோ நசுக்கவோ கூடாது, முழு அளவும் ஒரேயடியாக இறங்கிவிடும். வாங்கி வைத்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரே எடுங்கள்.

அடிப்பட்ட முதுகை மறந்துவிட்டால் இத்தனையும் வீண். ஈரல் நோய் இல்லாதவருக்கு பரசிட்டமோல் 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு 8க்கு மேல் போகாமல் கொடுக்கலாம். பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சுமை குறைந்த வேலை வேண்டுமென்று வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோட்டத்தில் கொடுங்கள்.

எழுப்பியும் எழும்பாத தூக்கம், மெதுவான மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, வலிப்பு, இதில் எது வந்தாலும் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். முழுதாக நிறுத்திய பிறகு பழைய 6ஐ ஒரே நாளில் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் உடம்பின் பழக்கம் அதற்குள் விட்டுப்போயிருக்கும். எனவே மிஞ்சியவற்றை வீட்டில் வைக்காமல் வைத்தியசாலை மருந்தகத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.