சுவிஸ் மாமாட சொக்லேட்டும் திருமலை வெயிலும்: வாங்குறவைக்குக் கேள்வி-பதில்

கேள்வி: மாமா சுவிஸ்ல இருந்து லீவுக்கு வந்திருக்கிறார், சூட்கேஸ்ல பாதி சொக்லேட் தான். அதைக் குடுத்துக் குடுத்து "இதைக் கண்டுபிடிச்சதே எங்கட நாட்டுக்காரர்" எண்டு ஒரே பெருமை. உண்மையோ? (உப்புவெளி வாசகி)

பதில்: மாமாக்குப் பாதி மார்க்ஸ் போடலாம் தங்கச்சி. பால் சொக்லேட் அங்கத்தை சாமான் தான், 1875ல வெவே எண்ட ஊர்ல டானியல் பீட்டர் எண்டவர் செய்தது. பால்ல இருக்கிற தண்ணி சேர்ந்தா சொக்லேட் பழுதாப் போயிடும், அந்தத் தண்ணிய வத்த வைக்கிற வழி பிடிபட மட்டும் மனுசன் வருசக்கணக்கா மினக்கெட்டவர். 1879ல பேர்ன்ல லிண்ட் எண்டவர் சொக்லேட்டை மெசினில மணிக்கணக்கா அரைச்சு அரைச்சு வழுவழுப்பாக்கினார். ஆனா அதுக்கு முதல் மெக்சிக்கோப் பக்கத்து ஆக்கள் ஆயிரக்கணக்கான வருசமா கொக்கோவ அரைச்சுக் குடிச்சுக்கொண்டு தான் இருந்தவை, சீனி இல்லாமல் மிளகாய் போட்டு நுரை பொங்க ஆத்தி. எங்கட தேத்தண்ணிக் கடைக்காரர் பார்த்தா சந்தோசப்படுவார். மரத்துக்கு இன்னும் பழைய ஊர் தென்னமெரிக்கா, எக்குவடோர்ல 5,000 வருசத்துக்கு மேல பழைய பானைகள்ல கொக்கோ மிச்சம் பிடிபட்டிருக்கு. மாமாட்ட இதைச் சொல்ல முதல் பெட்டிய வாங்கி உள்ள வைச்சிடுங்கோ.

கேள்வி: மகன்ட பேர்த்டேக்கு டவுன்ல ஒரு கடையில பெரிய சொக்லேட் ஒண்டு வாங்கினன். வீட்ட வந்து பிரிச்சா மேல எல்லாம் வெள்ளையா, சுண்ணாம்பு பூசின மாதிரி. திருப்பிக் கொண்டு போனா "அது ஒண்டும் இல்லை அக்கா, சாப்பிடலாம்" எண்டிட்டார். பூஞ்சணம் பிடிச்சதை என்ர தலையில கட்டிட்டாரோ? (நிலாவெளி)

பதில்: கடைக்காரர் சொன்னது சரி, ஆனா முழுக்கச் சொல்லேல்லை. அந்த வெள்ளை கூடுதலா பூஞ்சணமா இருக்காது, கொக்கோ வெண்ணெய். கொக்கோக் கொட்டையில பாதிக்குக் கிட்ட கொழுப்பு தான். 1828ல ஒல்லாந்துல வான் ஹூட்டன் எண்ட ஆக்கள் அந்தக் கொழுப்பைப் பிழிஞ்சு எடுக்கிற பிரஸ் ஒண்டுக்கு பேட்டன்ட் எடுத்தவை, பிழிஞ்சு மிஞ்சினது கொக்கோ பவுடர், வடிஞ்சது வெண்ணெய். 1847ல இங்கிலாந்து பிரிஸ்டல்ல ஃப்ரை கம்பனி அந்த வெண்ணெயையே திருப்பிப் பவுடரோடயும் சீனியோடயும் சேர்த்து அச்சில ஊத்தினவுடன தான் கடிச்சுத் தின்னுற சொக்லேட் கட்டி வந்தது, அதுவரைக்கும் கூடுதலாக் குடிச்சது தான். இந்த வெண்ணெய் 34 டிகிரிக்குக் கிட்ட உருகும், எங்கட உடம்பு 37, அதால தான் வாயில வைச்ச உடன கரையுது.

இப்ப பிரச்சனை விளங்குது தானே? ஐரோப்பாவில அலுமாரியில கிடக்கிற சாமானுக்கு அது கெட்டித்தனம், கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசம் திருமலையில பகல் 35 டிகிரி, தகரக் கூரைக்குக் கீழ நிக்கிற லொறிக்குள்ள இன்னும் கூட. கட்டி உள்ளுக்கயே இளகி, இரவு திரும்ப இறுக, வெண்ணெய் மேல வந்து வெள்ளையாப் படியும். நானே ஒருக்கா கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில பைக்க நிப்பாட்டிட்டு, மருமகளுக்கு வாங்கினதை சீட்டுக்குக் கீழ வைச்சிட்டு மறந்துபோய் வீட்ட வந்து எடுத்தா சூப் மாதிரி, ஃப்ரிஜ்ல வைச்சு இறுக்கின பிறகு சாம்பல் புள்ளி விழுந்த ஒரு பலகை. பிள்ளை அதையும் விடேல்லை.

விரலால தேய்ச்சுப் பாருங்கோ. வழுவழுப்பா இளகி மறைஞ்சா கொழுப்பு. சொரசொரப்பா இருந்து ஈரவிரலுக்குக் கரைஞ்சா சீனி, அது ஃப்ரிஜ் ஈரத்தால வாறது. பஞ்சு மாதிரி மயிர் மயிரா நிண்டாலோ புளிச்ச மணம் வந்தாலோ தான் எறியோணும், கஜு, கிரீம் உள்ளுக்க வைச்சது எண்டா கூடக் கவனம். முதல் ரெண்டும் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது, ருசி தான் கொஞ்சம் சப்பெண்டு இருக்கும். ஆனா வெயில்ல வேக வைச்ச சாமானை முழு விலைக்கு விக்கிறது நியாயம் இல்லை தானே, அதால இனிமேல் யன்னலோரம் அடுக்கின கடையில வாங்காதேங்கோ. வீட்டில காத்துப் போகாத டப்பாவில போட்டு ஃப்ரிஜ்ல வைச்சு, வெளிய எடுத்தா குளிர் விட்டு அறை வெக்கைக்கு வந்த பிறகு தான் டப்பாவைத் திறக்கோணும்.

கேள்வி: ஒரே சைஸ், ஒரே மாதிரிக் கவர், ஒண்டு மற்றதின்ட பாதி விலை. மலிவானதில "சொக்லேட் சுவை" எண்டு போட்டிருக்கு. களவு சாமானா? (கிண்ணியா)

பதில்: களவு இல்லை, அது கொம்பவுண்ட். கொக்கோ வெண்ணெய் விலை கூடின சாமான் எண்டபடியால அதை எடுத்திட்டு பாம் எண்ணெய் மாதிரி மலிவான தாவரக் கொழுப்பைப் போடுறது. உலக உணவுத் தரமான கோடெக்ஸ்படி சொக்லேட் எண்டு பேர் வைக்க வேணுமெண்டா கொக்கோ 35 வீதமாவது இருக்கோணும், அந்த 35க்குள்ள 18 வெண்ணெயா இருக்கோணும், வேற தாவரக் கொழுப்பு 5 வீதத்துக்கு மேல போகக் கூடாது (பால் சொக்லேட்டுக்குக் கணக்கு வேற). அதனால தான் "சுவை" எண்ட சொல்லைப் பின்னால ஒட்டித் தப்புறது. கவரைத் திருப்பி சேர்மானத்தைப் பாருங்கோ, எது கூட இருக்கோ அது முதல்ல வரும். சீனி, தாவரக் கொழுப்பு எண்டு தொடங்கி கொக்கோ பின்னுக்கு நிண்டா விளங்கிடும்.

கொக்கோவில கலப்படம் புதுசும் இல்லை. மெக்சிக்கோவை ஆண்ட அஸ்டெக் ஆக்கள் காலத்தில கொக்கோக் கொட்டை தான் சில்லறைக் காசு, ஸ்பானியர் பிடிச்ச பிறகும் அப்பிடித்தான், 1545ல அங்க தலஸ்கலா எண்ட ஊர்ல எழுதின விலைப்பட்டியல்ல ஒரு நல்ல பெட்டை வான்கோழி 100 கொட்டை, ஒரு பெரிய தக்காளி ஒரு கொட்டை. உடன கள்ளனும் வந்திட்டான், கோதுக்குள்ள இருந்ததை எடுத்திட்டு மண்ணை அடைச்சு சந்தையில தள்ளினவங்கள்.

ஒண்டு சொல்லோணும், இந்த வெக்கைக்கு கொம்பவுண்ட் தான் கெதியா உருகாமல் நிக்குது, ஸ்கூல் பையுக்குள்ள போடுறதுக்கு நானும் அதைத் தான் வாங்குறது. உருகாத சொக்லேட்டுக்கு ஆசைப்பட்டது நாங்கள் மட்டுமில்லை, 1937ல அமெரிக்க ஆமி ஹெர்ஷி கம்பனிட்டக் கேட்டதே வெக்கைக்குத் தாங்கோணும், ருசி அவிச்ச உருளைக்கிழங்கை விடக் கொஞ்சம் நல்லா இருந்தாக் காணும் எண்டு, இல்லாட்டி ஆபத்துக்கு வைச்சதை ஆமிக்காரர் முதல் நாளே தின்டிடுவாங்களாம்.

கேள்வி: மாத்தளையில கொக்கோ விளையுது தானே, பிறகேன் இந்த விலை?

பதில்: விளையுது. வெள்ளைக்காரன் கொண்டு வந்து நட்டது, 1869ல கோப்பிக்கு நோய் வந்து தோட்டங்கள் விழுந்த பிறகு மாத்தளை, கண்டிப் பக்கம் கூட நட்டவை. ஆனா எங்கடை ஒரு கைப்பிடி. விலையைத் தீர்மானிக்கிறது மேற்காபிரிக்கா, ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேர்ந்தா உலகக் கொக்கோவில பாதிக்கு மேல. கானாவில அது பரவின கதைக்கு டெட்டே குவாஷி எண்ட கொல்லனைச் சொல்லுவினம், 1870கள்ல வெளித் தீவில வேலை செய்திட்டு ஊருக்கு வரேக்க கொட்டை கொண்டு வந்து நட்டவர். அங்க மழையும் மர நோயும் சேர்ந்து விளைச்சல் விழுந்தவுடன, கொஞ்சக் காலம் முதல் தொன் 2,500 டொலர் மட்டில நிண்ட கொக்கோ 2024 டிசம்பர்ல 12,000த்தையும் தாண்டிச்சுது. பிறகு இறங்கினது, கடை விலை அவ்வளவு கெதியா இறங்காது.

விலையை விட கிராமைப் பாருங்கோ. 50 கிராம் 300 ரூபா, பக்கத்தில 42 கிராம் 280 ரூபா எண்டா மற்றது மலிவு மாதிரித் தெரியும், 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தா 600உம் 667உம்.

கேள்வி: விலைக்கு மேல வேற விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கேட்டதுக்கு "விருப்பமெண்டா வாங்குங்கோ" எண்டார்.

பதில்: கவர்ல அடிச்ச உச்ச விலைக்கு மேல விக்கவும் ஏலாது, அடிச்ச லேபலை மறைக்கவோ மாத்தவோ ஏலாது. ஸ்டிக்கரை உரிக்காதேங்கோ, அப்பிடியே படம் எடுத்து, பில்லையும் வாங்கி வைச்சுக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடியுங்கோ. திகதி முடிஞ்ச சாமான் எண்டா உங்கட ஏரியா பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இட்டயும் சொல்லலாம். பில் தரமாட்டன் எண்டா அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.