4.6 செ.மீ. பெருந்தமனி வீக்கம்: இணையத்தில் எதை நம்பலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து வயிற்றின் வழியாக இறங்கும் பெரிய ரத்தக் குழாய்) 4.6 செ.மீ. அளவுக்கு வீங்கியிருப்பது தெரிந்தது. வலி எதுவும் இல்லை. ரத்தநாள அறுவை மருத்துவர், "இப்போது ஆபரேஷன் வேண்டாம், ஓராண்டு கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்போம்" என்கிறார். இணையத்திலோ, வெடித்தால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை என்று போட்டிருக்கிறார்கள். உடனே ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறது ஒரு வீடியோ. வீக்கத்தை மூலிகையே வற்றவைக்கும் என்கிறது இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும் என்கிறது வேறொரு தளம். ஆராய்ச்சிகளை நாங்களே தேடிப் படித்துத் தெளிவடைய முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன் ஒன்று. அப்பாவுக்குத் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ இடுப்புப் பக்கத்திலோ கடும் வலி வந்தால், அல்லது வலியோடு வியர்த்து மயக்கம் வந்தால், எதையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், பெருந்தமனி வீக்கம் இருப்பதை வாசலிலேயே சொல்லுங்கள். கீழே சொல்வதெல்லாம் வலி இல்லாமல் நிதானமாக இருக்கும் நாட்களுக்கு.

"பெருந்தமனி வீக்கம் ஆபத்தா?" என்று தேடினால் பயம்தான் மிஞ்சும். அந்தக் கேள்விக்குள் உங்கள் அப்பா இல்லை. முதலில் அவரை உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: ஆண், 67 வயது, 4.6 செ.மீ., வலி இல்லை. குழாய் சுற்றிலும் சீராகப் பருத்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் பைபோலப் புடைத்திருக்கிறதா என்பதையும் சேருங்கள். ரிப்போர்ட்டில் முன்னதை ஃபியூசிஃபார்ம் என்றும் பின்னதைச் சாக்குலர் என்றும் எழுதியிருப்பார்கள். அடுத்த வரி: இப்போதே ஆபரேஷனா, கண்காணிப்பா? மூன்றாவது வரி: இந்த இரண்டில் எந்த வழியில் போனவர்கள் அதிகம் பேர் உயிரோடு இருந்தார்கள்? இந்த மூன்று வரிகளுக்கும் பொருந்தாத கட்டுரை முழு உண்மையாகவே இருந்தாலும் உங்களுக்கான பதில் அதில் கிடைக்காது.

பத்தில் எட்டு என்பதை இப்போது பாருங்கள். அது வீக்கம் வெடித்துவிட்டவர்களைப் பற்றிய கணக்கு. வலியில்லாமல் 4.6 செ.மீ. வீக்கத்தோடு நடமாடுபவருக்கு அது வெடிக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கணக்கு. 4 முதல் 5.5 செ.மீ. வரையிலான வீக்கங்களைக் கண்காணித்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஆண்டுக்கு நூறு பேரில் சுமார் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வெடித்தது. ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் அது யாரை எண்ணிப் போட்ட கணக்கு என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தேட வேண்டிய இடங்கள் இரண்டு போதும். ஒன்று காக்ரேன். ஒரே கேள்வியை ஆராய்ந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டி, தரம் பார்த்து, ஒன்றாக எடைபோட்டுச் சொல்லும் அமைப்பு அது. ஒவ்வொரு மறுஆய்வுக்கும் எளிய நடையில் ஒரு சுருக்கம் இருக்கும். இரண்டாவது, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இலவசமாக நடத்தும் பப்மெட். அதில் அப்டாமினல் அயோர்டிக் அனியூரிசம், ஸ்மால், சர்வைலன்ஸ் (abdominal aortic aneurysm, small, surveillance) என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஆயிரக்கணக்கில் வந்து விழும். இடப்பக்கம் இருக்கும் வடிகட்டிகளில் சிஸ்டமேடிக் ரிவ்யூ (பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது), ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு டிரையல் (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுவது) இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். பட்டியல் கையில் அடங்கும். பப்மெட்டில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை தரமானதாகிவிடாது. அது ஒரு நூலக அட்டவணை மட்டுமே. நல்லதும் சுமாரானதும் அருகருகே கிடக்கும்.

ஒரு சுருக்கத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு, உங்கள் கேள்விக்கே பொருந்தும் ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்தது. ஆடம் ஆய்வு என்பார்கள். முடிவுரைக்குத் தாவாதீர்கள். முதலில் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்: 50 முதல் 79 வயது வரையிலான 1136 பேர், வீக்கம் 4.0 முதல் 5.4 செ.மீ., ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். உங்கள் தாளின் முதல் வரியோடு இது ஒத்துப்போகிறது. நோயாளி ஒரு பெண்ணாக இருந்திருந்தால் இங்கேயே நின்று யோசிக்க வேண்டும். அதே அளவு வீக்கம் பெண்களுக்கு வெடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதால், அவர்களுக்கு 5.0 செ.மீ.யிலேயே ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

அடுத்து, எப்படிப் பிரித்தார்கள்? யாருக்கு ஆபரேஷன், யாருக்குக் கண்காணிப்பு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மருத்துவர் தேர்ந்தெடுத்தால் திடமானவர்கள் ஆபரேஷன் பக்கம் போய்விடுவார்கள், பிறகு ஆபரேஷனே உயிர் காத்தது போலத் தெரியும். "எங்களிடம் ஸ்டென்ட் வைத்த 200 பேரும் நலம்" என்று சொல்லும் வீடியோவில் இல்லாதது இந்தக் குலுக்கல்தான்.

பிறகு விளைவு. சராசரியாக 4.9 ஆண்டுகளில், உடனே ஆபரேஷன் செய்துகொண்ட பிரிவில் 25.1 சதவீதம் பேரும் கண்காணிப்புப் பிரிவில் 21.5 சதவீதம் பேரும் எல்லாக் காரணங்களாலும் சேர்த்து இறந்திருந்தார்கள். ஆபரேஷன்தான் கொன்றது என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும்: ஒப்பீட்டு அபாயம் 1.21, அதாவது ஆபரேஷன் பிரிவின் இறப்பு அபாயம் கண்காணிப்புப் பிரிவைப்போல எத்தனை மடங்கு என்பது (1 என்றால் இரண்டும் சமம்); அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான மடங்கு இருக்கக்கூடிய எல்லை, 0.95 முதல் 1.54. அந்த இடைவெளிக்குள் 1 அடங்கியிருந்தால், இரண்டு வழிக்கும் வித்தியாசம் இருப்பதாக உறுதிப்படவில்லை என்று பொருள். ஆக, முந்திக்கொண்டு ஆபரேஷன் செய்ததால் ஆயுள் கூடவில்லை.

பலரும் தவறவிடும் இடம் இனிதான் வருகிறது. அந்த ஆய்வில் 'கண்காணிப்பு' என்றால் என்ன செய்தார்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். வீக்கம் 5.5 செ.மீ.யைத் தொட்டாலோ, ஆறு மாதத்தில் 0.7 செ.மீ. அல்லது ஓராண்டில் 1 செ.மீ. வளர்ந்தாலோ, வலி வந்தாலோ ஆபரேஷன். ஆய்வு முடிவதற்குள் கண்காணிப்புப் பிரிவில் 61.6 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் நடந்தும் இருந்தது. மருத்துவர் 'இப்போது வேண்டாம்' என்று சொன்னதை 'எப்போதும் வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்கேனைத் தவறவிட்டால், இந்த ஆய்வின் முடிவு உங்களுக்குப் பொருந்தாது.

ஓர் ஆய்வோடு நிற்காமல் காக்ரேன் மறுஆய்வுக்குப் போனால், இதே கேள்வியை ஆராய்ந்த நான்கு ஆய்வுகளை, மொத்தம் 3314 பேரை, சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 4.0 முதல் 5.5 செ.மீ. வரை உடனடி ஆபரேஷனால் ஆயுள் நன்மை இல்லை என்பதே அங்கும் முடிவு. நான்கில் இரண்டு ஆய்வுகள் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி உறையிட்ட ஸ்டென்ட்) செலுத்தும் முறையைத்தான் சோதித்தன. உங்கள் மருத்துவர் 'இப்போது ஆபரேஷன் வேண்டாம்' என்று சொன்னது இந்த முடிவைத்தான்.

ஸ்டென்ட் வீடியோவைப் பொறுத்தவரை இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எத்தனை ஆண்டு வரை கவனித்தார்கள்? பிரிட்டனின் இவார்-1 ஆய்வில் 5.5 செ.மீ.யும் அதற்கு மேலும் வீக்கமுள்ள 1252 பேர் இருந்தார்கள். முதல் 30 நாளில் வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 4.3 சதவீதம், ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்களில் 1.8 சதவீதம் இறந்தார்கள். அங்கேயே நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்கே வெற்றி. 2016இல் 15 ஆண்டுக் கணக்கு வந்தபோது படம் மாறியிருந்தது: எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வீக்கம் தொடர்பான மரணங்கள் ஸ்டென்ட் பிரிவில்தான் அதிகம். ரத்தம் மீண்டும் பழைய வீக்கத்துக்குள் கசிந்து அது வெடித்தது அதற்கு முக்கியக் காரணம். ஸ்டென்ட் கூடாது என்பதல்ல இதன் பொருள். வைத்தபின் வாழ்நாள் முழுக்க ஸ்கேன் கண்காணிப்பு வேண்டும். ரத்தநாளச் சிகிச்சைகள் எதிலும் முப்பது நாள் முடிவை மட்டும் காட்டுபவரை முழுதாக நம்ப வேண்டாம்.

மூலிகைக்கு வருவோம். முதலில் ஒரு மருந்தின் கதையைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எலிகளில் தமனி வீக்கம் வளர்வதைத் தடுத்தது. எப்படித் தடுக்கிறது என்பதற்கு நியாயமான விளக்கமும் இருந்தது. மனிதர்களில் 261 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு 100 மி.கி. வீதம் தினம் இருவேளை இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வெளியானது: மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. இவ்வளவு நம்பிக்கை தந்த மருந்துக்கே இதுதான் கதி என்றால், எலிச் சோதனையைக்கூடக் காட்டாத பொடி வீக்கத்தை வற்றவைக்கும் என்பதை ஏற்க எந்த ஆதாரமும் இல்லை. வளர்ச்சியையும் வெடிப்பையும் குறைக்க நோயாளியின் கையில் இருப்பதில் பெரியது புகைபிடிப்பதை நிறுத்துவது. புகைப்பவருக்கு வெடிக்கும் அபாயம் சுமார் இரண்டு மடங்கு.

மூன்று மாதமா, ஓராண்டா? இரண்டுமே பொறுப்பான இடங்களிலிருந்து வந்தவைதான். பிரிட்டனின் பரிசோதனைத் திட்டம் 4.5 செ.மீ. தொட்டவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைக்கிறது. அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் 4.0 முதல் 4.9 வரை ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது. வழிகாட்டுதல்கள் முரண்பட்டால் பதறாமல், எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். பிரிட்டன் திட்டத்தில் குழாயின் உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளக்கிறார்கள். வேறு பல இடங்களில் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை. ஒரே வீக்கத்துக்கே சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். சிடி ஸ்கேன் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

இந்தச் சில மில்லிமீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்றால், 15,471 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கின்படி, 3 செ.மீ. வீக்கம் சராசரியாக ஆண்டுக்கு 1.28 மி.மீ. வளர்கிறது, 5 செ.மீ. வீக்கம் 3.61 மி.மீ. உங்கள் அப்பாவின் 4.6 இவற்றுக்கு நடுவில். ஆக, இந்த ஆண்டு அல்ட்ராசவுண்டில் 4.6, அடுத்த ஆண்டு வேறிடத்தில் சிடியில் 5.0 என்று வந்தால், வளர்ந்திருக்கலாம், அளந்த விதமும் மாறியிருக்கலாம். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே வகை ஸ்கேனில் எடுங்கள்; எப்படி அளந்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டுரைகளைத் திறக்கும்போது இன்னும் சில. தலைப்புக்கு மேலே, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கைப் பட்டை இருக்கிறதா பாருங்கள். ஸ்டென்ட் தயாரிக்கும் நிறுவனம் பணம் கொடுத்ததா என்பது சுருக்கத்துக்குக் கீழே இருக்கும். இருந்தால் கட்டுரையை ஒதுக்க வேண்டாம், அதே கேள்விக்கு வேறு குழுவின் பதிலையும் தேடுங்கள். ஏஐ செயலி ஓர் ஆய்வின் பெயரைச் சொன்னால், அந்தத் தலைப்பைப் பப்மெட்டில் தேடாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லாத கட்டுரையையும் இருப்பதுபோல எழுதிவிடும்.

அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாளோடும், கிடைத்த எல்லா ஸ்கேன் அளவுகளை வரிசையாகத் தேதியோடு எழுதியும் எடுத்துப் போங்கள். கேட்க வேண்டியவை: அளவு உட்சுவரா வெளிச்சுவரா? வடிவம் சீரானதா, பைபோன்றதா? (பைபோன்றது என்றால் 5.5 வரை காத்திருக்கும் கணக்கு அப்படியே பொருந்தாது.) ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து வளர்ச்சியின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளலாமா? அப்பா சாப்பிடும் மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக்குகளை, வேறு வழி இருக்கும்போது, பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. சிறுநீரகக் கல்லோடு வரும் சிறுநீர்த் தொற்றுக்கு இவற்றை எழுதிக் கொடுப்பது வழக்கம். அதனால் கல்லுக்குப் பார்க்கும் மருத்துவருக்கும் இந்த வீக்கம் தெரிந்திருக்க வேண்டும்.