எல்லைக்கோட்டோரம் ஆளில்லையா? கழகங்களின் கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் வடக்கே வன்னியின் உதைபந்தாட்டக் கழகங்கள் கேட்டவற்றில், சொந்த மைதானத்துக்குச் சனத்தைச் சேர்ப்பது பற்றிய கேள்விகளை இம்முறை எடுத்திருக்கிறோம்.

எங்கள் அணி தொடர்ந்து தோற்கிறது. வெல்லத் தொடங்கினால்தான் சனம் வரும் என்கிறார் பயிற்றுநர். அதுவரை என்ன செய்வது? (பரந்தன்)

பயிற்றுநர் சொல்வதில் பாதி சரி. வெற்றி கூட்டம் சேர்க்கும். ஆனால் ஊர்ச் சனம் முதலில் வருவது தங்கள் வீட்டுப் பிள்ளை விளையாடுகிறான் என்பதற்காக. தோல்வியை நிறுத்த வெளியூரில் இருந்து நாலைந்து பேரைக் காசு கொடுத்து இறக்கும் கழகங்கள் இதில்தான் சறுக்குகின்றன. இரண்டு ஆட்டம் வெல்லலாம். ஊர்ப் பெடியள் மாற்று வீரர் வாங்கிலில் குந்தியிருந்தால் அவர்களின் வீட்டார் எதைப் பார்க்க வருவார்கள்? காசு முடிந்ததும் வந்தவர்களும் போய்விடுவார்கள்.

உடனே செய்யக்கூடியது, பிரதான ஆட்டத்துக்கு முன் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு ஓர் ஆட்டம். மைதானத்தின் ஒரு பாதியைக் குறுக்காகப் பயன்படுத்துங்கள். பக்கத்துக்கு 9 பேர், மாற்று வீரர் 5 பேர், 20 நிமிடப் பாதிகள் இரண்டு, நடுவில் 5 நிமிட ஓய்வு. 3.15க்குத் தொடங்கினால் 4 மணிக்கு முடியும். 28 பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்தாலே 84 பேர் ஆகிவிடும். எல்லாப் பிள்ளையும் இறங்க வேண்டும். ஒரு நிமிடமும் விளையாடாத பிள்ளையின் தாய் அடுத்த முறை வரமாட்டார்.

வந்தவர்கள் 4 மணிக்கே எழும்பிப் போவதுதான் பலர் காணும் சிக்கல். அதற்கு வழி இடைவேளையில் இருக்கிறது. பெரிய அணியின் கோல் காப்பாளரை நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தண்ட உதை (பெனால்டி) கொடுங்கள். உதைக்கு 15 வினாடி என்றால் 28 பேருக்கு 7 நிமிடம். 15 நிமிட இடைவேளைக்குள் அடங்கும். அதுவரை இருந்துவிட்ட குடும்பம் பெரும்பாலும் கடைசி விசில்வரை இருக்கும். சிறுவர் ஆட்டத்தைப் பிறகு வைக்காதீர்கள். இருட்டுப்படும் நேரத்தில் எந்தத் தாயும் காத்திருக்கமாட்டார்.

4 மணி என்று அறிவித்தாலும் சனம் 5 மணிக்குத்தான் வருகிறது. (முழங்காவில்)

நீங்கள் 5 மணிக்குத் தொடங்குவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு பாதி, இடைவேளை, மேலதிக நேரம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1 மணி 55 நிமிடம். நவம்பரில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது, யூலையில் 6.30 தாண்டும். ஆகவே ஆண்டுக் கடைசியில் 3.45க்கும் நடு ஆண்டில் 4.30க்கும் பிந்தக்கூடாது.

தாமதத்துக்கு வழமையான காரணங்கள் மூன்று. கோடு போட்டு முடியவில்லை: முதல் நாள் பின்னேரமே போடுங்கள். எதிரணியின் வாகனம் வரவில்லை: ஒரு மணி நேரம் முந்திய நேரத்தைக் கடிதத்தில் எழுதுங்கள். மூன்றாவது பிரதம விருந்தினர். இவருக்காக 22 பேரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தும் வழக்கத்தை விட்டால்தான் உருப்படலாம். கைகொடுப்பதை இடைவேளைக்கும் பேச்சைப் பரிசளிப்புக்கும் மாற்றுங்கள்.

எந்த மாதங்களில் சொந்த மைதான ஆட்டங்களை வைப்பது நல்லது? (ஒட்டுசுட்டான்)

ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை, விதைப்பு. கால்பங்கு மைதானம் தண்ணீரில் நிற்கும். பெப்ரவரி, மார்ச்சில் காலபோக நெல் அறுவடை. வெட்டு மெசின் எந்த நேரம் தன் வயலுக்கு வருமென்று தெரியாதவர் மைதானத்துக்கு வரமாட்டார். நெல் விற்ற காசு கையில் இருக்கும் ஏப்ரல் நல்ல காலம். மே முதல் ஓகஸ்ட்வரை மைதானம் காய்ந்திருக்கும், ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றும் புழுதியும் பொல்லாதவை. நண்பகலில் ஒரு பவுசர் தண்ணீர் தெளியுங்கள். காலையில் தெளித்தால் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும், ஆட்டத்துக்குச் சற்று முன் தெளித்தால் வழுக்கும்.

வற்றாப்பளை வைகாசிப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருநாள் போன்ற நாட்களோடு மோதாதீர்கள். பௌர்ணமிப் போயா தினம் விடுமுறை, மதுக்கடையும் பூட்டு. இதைக் கழகங்கள் போதியளவு பயன்படுத்துவதில்லை.

பெண்கள் வருவதே இல்லை. (புதுக்குடியிருப்பு)

மலசலகூடம் இருக்கிறதா? பதில் ‘இல்லை’ என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். இரண்டு அறை, உள்ளே தாழ்ப்பாள், 200 லீற்றர் பரலில் தண்ணீர், ஒரு பல்ப். வாசல் ஆண்கள் கூடி நிற்கும் பக்கம் பார்க்கக்கூடாது. திறப்பை ஒரு பெண் உறுப்பினர் வைத்திருக்கட்டும். தலைவரிடம் போய்த் திறப்புக் கேட்க எவரும் விரும்பமாட்டார்கள்.

அடுத்தது இருக்கை. மேற்குப் பக்க எல்லைக்கோட்டோரம் கொடுங்கள், பின்னேர வெயில் முகத்தில் அடிக்காது. பனங்குற்றி வாங்கில்களும் மேலே கிடுகுப் பந்தலும் போதும். பந்து வந்து விழாதபடி கோட்டிலிருந்து 3 மீற்றர் தள்ளிக் கயிறு கட்டுங்கள்.

குடித்துவிட்டு வந்து கெட்ட வார்த்தை பேசுபவரை வெளியே அனுப்புவது இளம் பெடியள் வேலையல்ல, கைகலப்பில் முடியும். அவரின் வயதொத்த, ஊர் மதிக்கும் இரண்டு பேரை அதற்கென்றே நிறுத்துங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் பாருங்கள். பஸ் 6.15 என்றால் ஆட்டம் 6க்கு முடிய வேண்டும். ஊரில் பெண்கள் அணி இருந்தால் முன் ஆட்டத்தை மாறிமாறி அவர்களுக்கும் கொடுங்கள்.

நுழைவுக் கட்டணம் வைக்கலாமா? (செட்டிகுளம்)

இப்போதைக்கு வேண்டாம். வேலியில்லாத மைதானத்தில் ரிக்கெற் விற்றால், காசு கொடுத்தவர் கொடுக்காதவரைப் பார்த்துக் கோபப்படுவதுதான் மிச்சம். அதோடு ரிக்கெற் என்றால் களியாட்ட வரி பற்றிப் பிரதேச சபையிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். வருமானத்தைத் தேநீரிலும் வடையிலும் தேடுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கடையைக் கொடுத்து, இலாபத்தில் பங்கை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். போன ஆட்டத்துக்கு வந்த ஆட்களில் பாதிப்பேருக்கு மட்டும் சாமான் போடுங்கள். மிஞ்சிய வடை இலாபத்தைத் தின்றுவிடும். கச்சான் விற்கும் அம்மாவிடம் இடக்காசு கேட்காதீர்கள். அவர் இருந்தால் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆட்டோவில் அறிவித்தும் பயனில்லை. (நெடுங்கேணி)

“மாபெரும் உதைபந்தாட்டப் போட்டி” என்று மட்டும் கத்தினால் யார் காதிலும் ஏறாது. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும், எத்தனை மணிக்கு, எந்த ஒழுங்கைப் பெடியள் விளையாடுகிறார்கள் என்று சொல்லுங்கள். முதல் நாள் பின்னேரம் ஒருமுறை, அன்று காலை 10 மணியளவில் ஒருமுறை போதும். பொலிஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி எடுங்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியை மறந்து வாட்ஸ்அப்போடு நில்லுங்கள்.

முகநூலில் நேரலை போடுவதால்தான் ஆள் குறைகிறதா? (அடம்பன்)

பெரும்பாலும் இல்லை. மன்னாரில் உதைபந்தாட்டம் ஊறிய ஊர்களில் நேரலை பார்ப்பவர்களில் பலர் வெளிநாட்டில் இருப்பவர்கள். உங்கள் 4.15, கோடையில் லண்டனில் முற்பகல் 11.45, ரொறன்ரோவில் காலை 6.45. அவர்கள்தான் பந்தும் சீருடையும் வாங்கித் தருபவர்கள், நிறுத்தாதீர்கள். ஊருக்குள் ஆள் குறைவதாகச் சந்தேகமிருந்தால் சிறுவர் ஆட்டத்தையும் பரிசளிப்பையும் நேரலையில் விட்டுவிடுங்கள்.

நடுக்கோட்டுக்கு நேரே 8 அடி உயர மேசைப் பரணில் கைபேசியை வையுங்கள். குடை பிடிக்காவிட்டால் வெயிலில் சூடேறி இடையில் நின்றுவிடும். 720p காணொளித் தரத்தில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஜிபி டேட்டா போகும்.

எங்கள் சுற்றுப்போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் கூட்டம். (மாங்குளம்)

தோற்ற அணி வெளியேறும் விலகல் முறையில் 32 அணி சேர்த்திருப்பீர்கள். முதல் சுற்று முடிய 16 ஊர்கள் வீட்டுக்குப் போய்விடும். அவர்கள் திரும்பிப் பார்ப்பது இறுதி ஆட்டத்தைத்தான், அதுவும் வந்தால். அடுத்த முறை 8 அணிகளை மட்டும் எடுத்து நாலு நாலாக இரண்டு குழு போடுங்கள். குழுநிலை 12 ஆட்டம், அரையிறுதி 2, இறுதி 1, மொத்தம் 15. தோற்றாலும் ஒவ்வொரு ஊரும் மூன்று தரம் வரும். பக்கத்து ஊர் ஆட்டத்தைக் குழுவின் கடைசி நாளுக்கு வையுங்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று எப்படிக் கணக்கெடுப்பது? (விசுவமடு)

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில், ஒரே ஆள், நாலு மூலைக் கொடிகளுக்கிடையே நடந்து எண்ண வேண்டும். கொப்பியில் திகதி, எதிரணி, தொடங்கிய நேரம், பெண்கள், சிறுவர் என்று தனித்தனியாக எழுதுங்கள். தொடங்கிய நேரத்தை அறிவித்த நேரமாக அல்லாமல், விசில் ஊதிய நேரமாகவே எழுதுங்கள்.