கால்பந்தில் உரிய மதிப்புக் கிடைக்காத டிஃபெண்டர் என்று யாரைச் சொல்வீர்கள்?

என் பதில் லொரான் கோசியல்னி. அவர் ஆடிய லண்டன் கிளப்பான ஆர்சனலின் ரசிகர்களில் சிலர் "கடைசியில் அப்படிக் கிளம்பிப் போன ஆளா?" என்று முகம் சுளிப்பார்கள். அதற்கும் வருகிறேன்.

பிரெஞ்சு டிஃபெண்டர்கள் என்றால் தூராம், டெசாய், வரான் என்று வரிசையாகச் சொல்வோம். எல்லாரும் உலகக்கோப்பையைத் தூக்கியவர்கள். கோசியல்னி பிரான்ஸுக்காக 51 ஆட்டங்கள் ஆடியும் பெரிய கோப்பை ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

1985இல் துல் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். தாத்தா போலந்துக்காரர், பெயர் அந்த வழியில் வந்தது. சின்ன வயதிலேயே பெரிய கிளப்புகள் துரத்திப் பிடித்த ஆள் இல்லை. இரண்டாம் டிவிஷனில் கேங்காம் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், 2007இல் ஒரு படி கீழே, மூன்றாம் டிவிஷனில் இருந்த தூர் அணிக்குப் போனார். அங்கேதான் சென்டர் பேக்காக, அதாவது தற்காப்பின் நடுவில் நிற்கும் டிஃபெண்டராக நிலைத்தார். தூர் மேலே ஏறியது. 2009இல் லோரியான், முதல் டிவிஷனில் ஒரே ஒரு சீசன். 2010இல் மேனேஜர் வெங்கர் ஆர்சனலுக்கு வாங்கிவிட்டார். இரண்டு வருஷம் முன்புவரை மூன்றாம் டிவிஷனில் ஆடிய பையன்!

இங்கிலாந்து லீகில் அவருடைய முதல் ஆட்டமே லிவர்பூலின் ஆன்ஃபீல்டில். முதல் பாதி முடியும் நேரத்தில் லிவர்பூல் வீரர் ஜோ கோல் பாய்ந்து மோதியதில் ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். ஜோ கோலுக்கு ரெட் கார்டு. இடைவேளைக்குப் பிறகு கோசியல்னி ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து ஆடினார். கடைசி நிமிடங்களில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி அவரும் வெளியே. அடுத்த ஒன்பது வருஷத்துக்கான டிரெய்லர் அது.

ஏன் இப்படி என்பதற்கு அவர் ஆடிய விதத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக்கர் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பெரும்பாலான சென்டர் பேக்குகள் ஒரு அடி தள்ளி நின்று, பந்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பார்கள். கோசியல்னி காத்திருக்க மாட்டார். பாஸ் கொடுக்கும் எதிரணிக்காரன் கால் பந்தைத் தொடும் அதே நொடியில் தற்காப்பு வரிசையை விட்டுக் கிளம்பி, ஸ்ட்ரைக்கரின் பக்கவாட்டில் புகுந்து, நுனிக்காலால் பந்தைத் தட்டிப் பறித்துவிடுவார். சரியாக அமைந்தால் எதிரணியின் தாக்குதல் அங்கேயே முடிந்து ஆர்சனலின் தாக்குதல் தொடங்கிவிடும். அரை நொடி பிந்தினால் ஃபவுல், அட்டை, சில சமயம் பெனால்டி. வெங்கரின் ஆர்சனல் வரிசையை மேலே தள்ளி நிறுத்தும் அணி. முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். அங்கே இப்படி ஆட வேகமும் வேண்டும், துணிச்சலும் வேண்டும். பக்கத்தில் ஜெர்மன் டிஃபெண்டர் மெர்டசாக்கர் வந்தபிறகுதான் இது முழுசாகப் பொருந்தியது. அவர் வேகமில்லாதவர், ஆனால் ஆட்டத்தைப் படிப்பதில் கில்லாடி. ஒருவர் பாய்வார், இன்னொருவர் பின்னால் அடைப்பார்.

ஆகவே அந்த ரெட் கார்டுகளைத் தனியாக எடுத்துவைத்துத் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. (2013 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்தில் பத்து நிமிடம் ஆவதற்குள் சிட்டி ஸ்ட்ரைக்கர் ஜெகோவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாரே, அதற்கு மட்டும் நானும் வக்காலத்து வாங்க மாட்டேன்.)

2011 லீக் கப் இறுதி ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். பர்மிங்ஹாம் எதிரணி, 89ஆவது நிமிடம், 1-1. சாதாரணமாக வந்த பந்து. ஆர்சனல் கோல்கீப்பர் ஷெஸ்னி பிடிக்க வருகிறார், கோசியல்னி அடித்து விலக்கப் போகிறார், இரண்டும் நடக்காமல் பந்து நழுவி பர்மிங்ஹாமின் மார்ட்டின்ஸ் காலடிக்குப் போகிறது. காலியான கோல். அந்தக் காட்சியைத்தான் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆனால் 2012, 2013 இரண்டு சீசன்களின் கடைசி நாளிலும் வெற்றி கோல் அடித்து, ஒரே ஒரு புள்ளியில் பரம எதிரியான டாட்டன்ஹாமைக் கீழே தள்ளியவர் இதே ஆள்தான். 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஹல் அணி ஒன்பது நிமிடத்துக்குள் 2-0 என்று முன்னால் போயிற்று. ஆர்சனல் ஒரு கோல் திருப்பியது. 71ஆவது நிமிடத்தில் கார்னர் நெரிசலுக்குள் பந்தைத் திருப்பி உள்ளே தள்ளிச் சமன் செய்தவரும் இவரே. கூடுதல் நேரத்தில் ராம்சி அடித்தார், ஒன்பது வருஷக் கோப்பைப் பஞ்சம் தீர்ந்தது.

2016 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பை இறுதி. பாரிஸை ஒட்டிய மைதானத்தில் சொந்த ரசிகர்கள் முன்னால் போர்ச்சுகலுடன். கூடுதல் நேரத்தில் போர்ச்சுகலின் எடர் கையில் பட்ட பந்துக்கு, கோசியல்னி கையால் தொட்டார் என்று ரெஃப்ரி ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். அது கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது. அப்பாடா என்பதற்குள் அதே எடர், கோசியல்னியைத் தோளால் தடுத்துக்கொண்டு நகர்ந்து, தூரத்திலிருந்து அடித்த பந்து உள்ளே. அந்தத் தொடர் முழுக்க நன்றாக ஆடியவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் 2018. குதிகால் தசைநார் வலி பல வருஷமாகவே இருந்தது, அதோடுதான் ஆடிக்கொண்டிருந்தார். மே 3 அன்று அத்லெட்டிகோ மாட்ரிட்டுடன் யூரோப்பா லீக் அரையிறுதி. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் பக்கத்தில் யாருமே மோதாமல் விழுந்தார். தரையைக் கையால் குத்திக் கதறினார். தசைநார் அறுந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து பிரான்ஸ் உலகக்கோப்பையை வென்றது. ஒரு மனசு பிரான்ஸ் ஜெயிக்கணும் என்றது, இன்னொரு மனசு தோற்கட்டும் என்றது என்று பிறகு பேட்டியில் சொன்னார். இதை வெளியே சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

சரி, அந்தக் கடைசி விவகாரம். 2019 கோடையில் கேப்டனாக இருந்துகொண்டே அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு வர மறுத்தார். பிரான்ஸுக்குத் திரும்பவேண்டும் என்று அடம்பிடித்து பிரெஞ்சு கிளப்பான போர்தோவுக்குப் போனார். அறிமுக வீடியோவில் ஆர்சனல் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருந்த போர்தோ சட்டையைக் காட்டினார். அது அசிங்கம்தான், யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ஆனால் 353 ஆட்டங்களை அந்த ஒரு வீடியோவால் அழிப்பது அதைவிட அநியாயம். 2022இல் ஓய்வு பெற்றார்.

பார்க்காதவர்கள் 2011 பிப்ரவரியில் பார்சலோனாவை ஆர்சனல் 2-1 என்று வென்ற ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அர்ஷாவின் அடித்த கோலுக்காக எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் 6ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள், முக்கியமாக மெஸ்ஸி அவரை நோக்கி ஓடிவரும்போது.