10,000 சொல் வேண்டாம், ‘அட்வைஸ்’ ஒன்று போதும்

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலம் படித்தால் புரிகிறது. எழுத உட்கார்ந்தால் ஒரே பிழை. ‘10,000 சொற்கள்’ என்று அட்டையில் போட்ட புத்தகம் வாங்குவதா, ஆண்டுச் சந்தா கட்டி இலக்கணச் செயலி வாங்குவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். படித்தால் புரிகிறது என்கிறீர்களே, அப்படியானால் மகளுக்குச் சொல் பஞ்சம் இல்லை. தெரிந்த சொல்லை வாக்கியத்தில் எப்படிக் கோப்பது என்பதில்தான் தடுமாற்றம். அதற்கு அந்த 10,000 உதவாது. ‘சஜஸ்ட்’ என்றால் ‘யோசனை சொல்’ என்று போட்டிருக்கும். சரி, அப்புறம்? பெண் ‘ஹி சஜஸ்டட் மீ டு கோ’ என்றுதான் எழுதுவாள். ‘ஹி சஜஸ்டட் கோயிங்’ அல்லது ‘ஹி சஜஸ்டட் தட் ஐ கோ’ என்று வரவேண்டும். அதை யார் சொல்வது?

கற்போருக்கான அகராதி சொல்லும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கென்றே தொகுக்கப்படுபவை இவை. இந்த வகையில் பேர்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு மூலமான நூல் முதலில் வெளிவந்தது 1942-இல், ஜப்பானில். அதைத் தொகுத்த ஹார்ன்பி அங்கே ஆங்கில ஆசிரியர். மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்று ஆசிரியருக்குத் தெரியாதா என்ன! 1978-இல் வந்த லாங்மேன் அகராதி, விளக்கங்களைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் அடக்கியது. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய் இன்னும் நாலு சொல்லுக்குப் பொருள் தேடும் தொல்லை அதோடு குறைந்தது.

கடையில் நிற்கும்போதே சோதித்துப் பாருங்கள். ‘அட்வைஸ்’ (advice) என்ற சொல்லைப் புரட்டுங்கள். அது ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்ல முடியாத பெயர்ச்சொல் (uncountable), ‘அட்வைசஸ்’ என்று பன்மையில் எழுதக்கூடாது. அதற்கான குறி பக்கத்தில் இருக்கிறதா? அடுத்து ‘டிஸ்கஸ்’. அதன் பின்னால் ‘அபௌட்’ வராது என்பது எடுத்துக்காட்டு வாக்கியத்திலாவது தெரிகிறதா? இல்லையென்றால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். சொல்லப்போனால் காசே தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றின் கற்போர் அகராதியும் இணையத்தில் உச்சரிப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன.

காசு செலவழித்துத்தான் ஆகவேண்டும் என்றால் பயிற்சிகள் உள்ள ஓர் இலக்கணப் புத்தகம் வாங்குங்கள். ஒரு விஷயம்: சில புத்தகங்கள் விடைப்பகுதியோடு ஒன்று, விடை இல்லாமல் ஒன்று என இரண்டு பதிப்பாக வரும். அட்டை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். வீட்டில் தானாகப் படிப்பவருக்கு விடை இல்லாதது வீண். பழைய புத்தகமானாலும் பரவாயில்லை, இலக்கணம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. முன்னால் வைத்திருந்தவர் பென்சிலால் விடை எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியவை தப்பாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு சொல்வளச் செயலியைப் போட்டேன். பிடிக்கவில்லை, மூன்றாம் நாளே நீக்கிவிட்டேன். ஆனாலும் ஓராண்டுப் பணம் எடுத்துவிட்டார்களே?

பதில்: செயலியை நீக்கினால் சந்தா ரத்தாகாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ உங்கள் கணக்கில் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்யவேண்டும். ஆப்பிளில் இலவசக் காலம் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே செய்துவிடவேண்டும். நீங்கள் இன்றே ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆண்டும் பிடிப்பார்கள். கையோடு அதே ஸ்டோரில் பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். கிடைத்தே தீரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும்.